விழுந்த நட்டு தரைக்கு வரவில்லை: வண்டியை எடுக்கலாமா?

கேள்வி (தாம்பரத்திலிருந்து ஒருவர், மார்ச் 9)

பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பின் நட்டு, பத்து நம்பர் ஸ்பேனர் போடுவது, கை நழுவி உள்ளே போய்விட்டது. தரையில் விழுந்த சத்தமே இல்லை. சின்ன பெட்ரோல் கார்தான். தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டால், "வண்டிய எடுங்க சார், ரெண்டு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினா தானா விழுந்துடும்" என்கிறார். எடுக்கலாமா?

மார்ச் 9, மாலை

இப்போதைக்கு எடுக்காதீர்கள். நட்டு எங்கே என்பதை அப்புறம் பார்ப்போம். விழுந்த நேரத்தில் எஞ்சினில் எந்த வாய் திறந்திருந்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றி வைத்திருந்தீர்களா? ஸ்பார்க் பிளக் ஏதாவது வெளியே இருந்ததா? ஆயில் ஊற்றும் மூடி? டைமிங் கவர்? இதில் ஒன்று திறந்திருந்தாலும், நட்டு கையில் வரும்வரை சாவியைத் தொடக் கூடாது. ஏர் ஃபில்டர் குழாய் திறந்திருந்தால் சாவியை 'ஆன்' வரை திருப்புவதும் வேண்டாம். இப்போதைய வண்டிகளில், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் தட்டை மோட்டார்தான் அசைக்கிறது. சாவி போட்டதும் அது ஒருமுறை அசைந்து தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். மூடிய தட்டின் மேல் சாதுவாக உட்கார்ந்திருக்கும் நட்டு அந்த அசைவில் உள்ளே போகலாம்.

பேட்டரி வேலை மட்டும்தான் என்றால் பாதி பயம் போச்சு. எல்லா வாயும் மூடித்தான் இருந்திருக்கும். மிச்சம் பாதி பெல்ட்டும் ஃபேனும். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும் சின்ன வண்டிகளில் ஒரு முனையில் கியர்பாக்ஸ், மறு முனையில் பெல்ட், ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரெஸர். பேட்டரி பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும். அங்கே விழுந்த நட்டு முழு எஞ்சினையும் தாண்டி பெல்ட் பக்கம் போவது கஷ்டம். ரேடியேட்டர் ஃபேன் மட்டும் பக்கத்தில் இருக்கலாம். கையால் இறக்கையை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். அதற்கு முன்னால் பேட்டரி இணைப்பு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் எஞ்சின் சூடாக இருந்தால் சாவி இல்லாமலே ஃபேன் ஓட ஆரம்பிக்கும்.

மார்ச் 9, இரவு

தேடும் முறை. காலையில் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

சத்தம் கேட்கவில்லை என்கிறீர்கள். அதுவே ஒரு தடயம். சிமென்ட் தரையில் எம்6 (ஆறு மில்லி மரை) நட்டு விழுந்தால் கணீரென்று கேட்கும், அப்புறம் உருளும். அடியில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் 'டொக்' என்று மந்தமாக ஒரு சத்தம். எதுவுமே இல்லை என்றால் அழுக்கில், ஒயர் கட்டில், ரப்பர் ஹோஸில், இப்படி மெத்தென்ற எதிலோ உட்கார்ந்துவிட்டது. தரையில் தேடி நேரத்தைக் கொல்ல வேண்டாம்.

மேலிருந்து கீழே, தட்டுத் தட்டாக இறங்குங்கள். முதலில் பேட்டரி உட்காரும் டிரே. அதன் அடியில் விலா எலும்பு மாதிரி வரிவரியாக இருக்கும், தண்ணீர் வடிய ஓட்டைகளும் இருக்கும். அடுத்து டிரேயைத் தாங்கும் இரும்பு பிராக்கெட். அதற்குக் கீழே கியர் கேபிள் வந்து சேரும் இடம், பிறகு கியர்பாக்ஸின் தலை, எஞ்சின் மவுன்ட், கடைசியாகக் குறுக்குச் சட்டமும் அடிக் கவரும். ஒரு தட்டைத் தேடி முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். டார்ச்சை நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சின்னப் பொருளுக்கும் நீளமாக நிழல் விழும்.

கியர்பாக்ஸின் தலையில் விரலையும் விடுங்கள். வருஷக்கணக்கில் ஆயில் கசிவும் ரோட்டுப் புழுதியும் கலந்து அங்கே கறுப்பாக ஒரு களி படிந்திருக்கும். நட்டு அதில் பாதி அமுங்கிவிட்டால் பத்து நிமிஷம் டார்ச் அடித்தாலும் கண்ணுக்குப் படாது. நிறமும் அதே, பளபளப்பும் போயிருக்கும். விரல் நுனி வார்ப்பின் வரிகள் மேல் ஊர்ந்து போகும்போது ஆறு மூலை உள்ள ஒன்று திடீரென்று தட்டுப்படும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

மார்ச் 10

"ஏன் எப்போதும் பத்து நம்பரே தொலைகிறது?" என்று ஒருவர். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. எம்6 போல்ட்டின் தலை பத்து மில்லி. ஏர் ஃபில்டர் பாக்ஸ், பேட்டரி முனை, இக்னிஷன் காயில், ஒயர் பிராக்கெட், பிளாஸ்டிக் கவர் என்று கண்ணில் படுகிற பாதி இடத்தில் எம்6தான். அடிக்கடி கையில் எடுப்பதுதான் அடிக்கடி தொலையும். பதினேழு நம்பர் ஸ்பேனர் தொலைந்ததாக யாராவது புகார் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

மார்ச் 11

காந்தம் பற்றி ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள்.

ரேடியோ ஏரியல் மாதிரி நீளும் காந்தக் குச்சி நல்லதுதான். ஆனால் வாங்கியவர்களில் பாதிப் பேர் கொஞ்ச நாளில் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். காரணம், இண்டுக்குள் விட்டதும் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு இரும்பிலும் அது போய் ஒட்டிக்கொள்கிறது. வழி எளிது. காந்தத் தலையின் பக்கவாட்டை மூடும்படி ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிடுங்கள். நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். தடித்த ஸ்ட்ரா போதும், ஒயர் மேல் சூடுகாட்டிச் சுருக்கும் உறை கிடைத்தால் இன்னும் நல்லது. இப்போது சுவரை உரசிக்கொண்டே போனாலும் பக்கவாட்டுப் பிடிப்பு குறைவு, நுனியில் பட்டது மட்டும் வரும்.

காந்தக் குச்சியின் உடம்பு உலோகம். அதை ஆல்டர்னேட்டர் பக்கம் விடுவதற்கு முன்னால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த முனையில் சாவி இல்லாவிட்டாலும் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். அதையும் எஞ்சின் உடம்பையும் உங்கள் குச்சி சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும், குச்சி நுனி உருகும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பாசிட்டிவில் ஸ்பேனர் இருக்கும்போது பட்டால் அது வெல்டிங்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போட்டவர்களுக்குக் காந்தம் உதவாது. பித்தளை நட்டு, அலுமினிய வாஷர், பிளாஸ்டிக் கிளிப் எல்லாம் அதே கதி. இதற்கெல்லாம் குச்சி நுனியில் இருபக்க டேப், அல்லது நன்றாக மென்ற சூயிங்கம். பொத்தானை அழுத்தினால் நுனியில் நாலு நகம் விரியும் வளைகுச்சியும் கிடைக்கிறது, விலை குறைவு. அதன் நகத்துக்குப் பெரிதாக வலு இல்லை. ஆனாலும் கிளிப்புக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

மார்ச் 12

ஓசூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் திருத்துகிறார்: எஸ்.எஸ். எல்லாமே காந்தத்தில் ஒட்டாது என்று ஒரேயடியாகச் சொல்லக் கூடாது. சரிதான். எஸ்.எஸ்.ஸில் 304 என்கிற வகையே குளிர் நிலையில் அழுத்தி உருவாக்கும்போது லேசாகக் காந்த குணம் பெறும். அதனால் போல்ட்டின் தலை இழுபடும், தட்டையான வாஷர் பெரும்பாலும் அசையாது. 400 வரிசை எஸ்.எஸ். இரும்பு மாதிரியே ஒட்டும். ஆகவே ஒருமுறை விட்டுப் பாருங்கள், செலவு ஒன்றும் இல்லையே.

அவரே இன்னொன்றும் சொன்னார். சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் பலம் இழக்க ஆரம்பிக்கும், ஆறிய பிறகும் அந்தப் பலம் முழுசாகத் திரும்பி வராது. ஓடி நின்ற எஞ்சினில் கூலன்ட்டே 90 டிகிரி ஒட்டி இருக்கும். சைலன்ஸர் பக்கம் கேட்கவே வேண்டாம். என் பழைய குச்சி ஏன் ஊசியைக்கூடத் தூக்காமல் போனது என்று இப்போது புரிகிறது. ஆறவிட்டுத் தேடுங்கள், கையும் பிழைக்கும்.

மார்ச் 15

தாம்பரம்காரரின் நட்டு கிடைத்துவிட்டது. இரண்டும்.

நடந்தது இதுதான். விழுந்த இடத்திலிருந்தே அதே மாதிரி இன்னொரு நட்டைப் போட்டு, அது போகும் வழியைப் பார்க்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பழைய உத்தி, நல்ல உத்தி. ஆனால் அந்த இரண்டாவது நட்டில் வெள்ளை நூலைக் கட்டிவிட்டுப் போட வேண்டும். நூல் கட்டுவதா, நேரம் இல்லை என்று சும்மா போட்டிருக்கிறார். அதுவும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. வீட்டில், "ஆளுக்கு ஒண்ணு போடலாமா?" என்று கேட்டார்களாம்.

கடைசியில் டிரேயின் போல்ட்டுகளைக் கழற்றி டிரேயையே வெளியே எடுத்திருக்கிறார். இரண்டு நட்டும் கியர் கேபிள் பிராக்கெட்டின் மடிப்பில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி கிடந்திருக்கின்றன. அந்த உத்தி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, பார்ப்பதற்கு நூல்தான் இல்லை.

நூல் கட்டும்போது ஒரு கவனம்: பெல்ட், ஃபேன், கிளச் லீவர் பக்கம் நூலோடு விளையாட வேண்டாம். அறுந்தால் அதையும் தேட வேண்டிவரும்.

மார்ச் 16

"கிடைத்தது பிராக்கெட் மடிப்பில்தானே, அப்போது மெக்கானிக் சொன்னபடி ஓட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதே?" என்று மூன்று நாலு பேர் கேட்கிறார்கள்.

ஆகியிருக்காது. மெக்கானிக்கும் அந்த அனுபவத்தில்தான் சொல்கிறார். அவர் கையிலிருந்து விழுந்ததில் பெரும்பாலானவை எங்கோ போய்விட்டன, வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒத்துவராதது 'தானாக விழும்' என்கிற பகுதி. பல சமயம் விழாது. விழுந்தாலும் வேளச்சேரி மெயின் ரோட்டில் யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் டயருக்குக் கீழே விழும்.

விழாமல் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் வண்டியே சாட்சி. மூன்றாவது கியரில், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும், காலடியில் எங்கோ ஈ மொய்ப்பது போல 'ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம். வேகம் கூட்டினால் நின்றுவிடும். முதலில் போன கடையில் டேஷ்போர்டுக்குள் என்றார்கள். அடுத்த கடையில் சஸ்பென்ஷன் புஷ் என்று சொல்லி மாற்றியே விட்டார்கள். சத்தம் அப்படியே இருந்தது, பில் மட்டும் புதிது. பிறகு வேறு வேலைக்காக எக்ஸாஸ்ட் மேலுள்ள வெப்பத் தகட்டைக் கழற்றும்போது அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு சின்ன போல்ட், நீலம் பாரித்துப்போய், நகர்ந்து நகர்ந்து தகட்டில் தன் அளவுக்குப் பளபளவென்று ஒரு பள்ளமே தேய்த்து வைத்திருந்தது. யார் போட்டது, எப்போது என்று தெரியாது. என் வண்டியில் அந்த அளவு போல்ட் எதுவும் குறையவில்லை.

எனவே என் கணக்கு இப்படி: மூடிய எஞ்சின், பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம், தட்டுத் தட்டாகத் தேடியும் கிடைக்கவில்லை, ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தாயிற்று, பெல்ட் பக்கமும் பார்த்தாயிற்று, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தாயிற்று, பிரேக், கிளச், ஆக்ஸிலரேட்டர் பெடல்கள் மூன்றும் தடங்கலில்லாமல் போய்வருகின்றன. இவ்வளவும் சரி என்றால் எடுக்கலாம். தேடாமல் எடுக்கக் கூடாது.

மார்ச் 23

பிளக் குழி பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. மதுரையிலிருந்து ஒரு தம்பி எழுதிய கடிதம் அப்படி.

இன்றைய பெட்ரோல் எஞ்சின்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே ஒரு காயில், அதைப் பிடிக்க ஒரு எம்6 போல்ட். காயிலை உருவியதும் ஆழமான, இருட்டான ஒரு கிணறு. போல்ட் அதற்குள்தான் விழும், வேறு எங்கும் விழாது. விழட்டும், பிளக் இன்னும் மாட்டியே இருக்கிறதா? அப்படியென்றால் ஆபத்தில்லை. போல்ட் பிளக்கின் தலையைச் சுற்றி நிற்கும். பிளக்கைக் கழற்றாதீர்கள். தம்பி செய்யப் பார்த்தது அதைத்தான், பிளக்கோடு சேர்ந்து வெளியே வரும் என்று. பிளக் வெளியே வருகிற அந்த நொடியில் அது இருந்த ஓட்டை திறக்கும். பிளக் மரை பல வண்டிகளில் 14 மில்லி. எம்6 நட்டு மூலைக்கு மூலை அளந்தாலும் 11, 12 மில்லிக்குள். அகலமான விளிம்பு இல்லாத நட்டு அதில் தாராளமாகப் போகும், போல்ட் தலைகீழாக நழுவும்.

உள்ளே போய்விட்டால் என்ன? பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரத்துக்கும் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு மில்லி சொச்சம்தான் இடைவெளி. நட்டின் தடிமன் ஐந்து மில்லி. ஸ்டார்ட்டர் ஒரே ஒரு சுற்று சுற்றினாலும் போதும். பிஸ்டன் தலையில் தழும்பு, வால்வு வளைவு, பிளக் நுனி நசுங்கல், எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு சாதகம் உண்டு. பிஸ்டனும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம். காந்தம் இரண்டிலும் ஒட்டாது. சிலிண்டர் சுவரும் வால்வும்தான் பெரும்பாலும் இரும்பு. ஆகவே நெளியும் காந்தக் குச்சியைப் பிளக் ஓட்டை வழியாக விட்டால், வெளியே படுத்திய பாடு உள்ளே படுத்தாது. முதலில் கேமரா விட்டு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். போனில் மாட்டுகிற மெல்லிய ஒயர் கேமரா, தலை 5.5 மில்லி உள்ளது, 14 மில்லி ஓட்டையில் குச்சியோடு சேர்ந்தே போகும். பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க்கைக் கையால்கூடத் திருப்ப வேண்டாம். திருப்பினால் வால்வு திறந்து, நட்டு அதன் இருக்கையில் போய் மாட்டிக்கொள்ளலாம்.

தம்பி, நீங்கள் பிளக்கைத் தொடுவதற்கு முன்னால் எழுதிக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

மார்ச் 23, கொஞ்ச நேரம் கழித்து

காற்று அடிப்பது பற்றி. எஞ்சின் பேயில் தொலைந்த நட்டைத் தேட டயர் கடைக் காற்றை அடிக்காதீர்கள் என்று போனில் ஒருவருக்குச் சொல்லியிருந்தேன், இப்போதும் சொல்கிறேன். பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பதைக் காற்று பார்க்க முடியாத இடத்துக்குத் தள்ளிவிடும். ஆனால் பிளக் குழி விதிவிலக்கு. பிளக் மாட்டியிருக்கும்போது குழியில் அடித்தால் மணலும் தூசியும் வெளியே வந்துவிடும், சின்ன வாஷரும் சில சமயம் துள்ளி வரும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் எப்படியும் செய்ய வேண்டிய வேலை அது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துள்ளி வருவது நேரே முகத்துக்குத்தான் வரும்.

ஏப்ரல் 6

சூலூர் விமானப்படைத் தளத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரிக்கிறார். அவர்கள் உலகத்தில் 'கிடைக்கவில்லை, எடுத்துவிடலாமா?' என்ற கேள்வியே கிடையாதாம். ஒரு ஸ்பேனர் கணக்கில் குறைந்தால் விமானம் நகராது. கருவிப் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய பள்ளம், காலியாக இருந்தால் பார்த்ததுமே தெரியும். வேலை முடிந்து எண்ணி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூடி. ஓடுபாதையில் கிடந்த ஒரு தகடு என்ன செய்யும் என்பதை உலகம் 2000 ஜூலையில் பாரிஸில் பார்த்தது. கான்கார்ட் விமானத்தின் டயரைக் கிழித்தது முன்னால் போன இன்னொரு விமானத்திலிருந்து கழன்ற உலோகப் பட்டைதான்.

என் அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவளிடம் சொன்னேன். "நாங்க பஞ்சைக்கூட எண்ணித்தான்டா உள்ள வைப்போம், எண்ணித்தான் எடுப்போம். நீ என்னமோ கண்டுபிடிச்ச மாதிரி சொல்ற" என்றாள்.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் நழுவத்தான் செய்கிறது. 2008 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த விண்வெளி வீராங்கனை ஒருவரின் கருவிப் பையே மிதந்து போய்விட்டது. உள்ளே கிரீஸ் துப்பாக்கி ஒன்று கசிந்து, அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் அது வளிமண்டலத்தில் எரிந்துபோகும்வரை பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. 2023 நவம்பரில் இன்னொரு பை. நம் நட்டு குறுக்குச் சட்டத்தில் எங்கோதான் கிடக்கும், சுற்றுப்பாதைக்கெல்லாம் போகாது.

ஏப்ரல் 13

அடிக் கவர் கழற்றியவர்கள் கிடைத்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். கோயம்பேட்டுக்காரருக்குக் கிடைத்தவை: பிளாஸ்டிக் கிளிப் ஒரு கைப்பிடி, அவருடையது இல்லாத ஒரு பத்து நம்பர் சாக்கெட், காய்ந்த வேப்பிலை, பாதி கடித்த தேங்காய்ச் சில்லு. தேங்காய் எலியின் உபயம். சாக்கெட் முந்தைய மெக்கானிக்கின் உபயம். இப்போது அது இவர் பெட்டியில். திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார். கொடுங்கள், அந்த மனுஷன் எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருப்பாரோ.

எலி விஷயம் சிரிப்பில்லை. தேங்காய்ச் சில்லு, பேட்டரி மேல் உறை, எதையாவது இழுத்துப் போய் மூலையில் சேர்த்து வைக்கும். தேடும்போது ஒயரில் பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நட்டைத் தேடிப் போய், உரிந்து கிடந்த ஃப்யூல் இன்ஜெக்டர் ஒயரைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

மே 4

விழாமல் இருக்க. ஆளாளுக்கு ஒரு வழி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்தவை மட்டும்.

கடைசி இரண்டு மரை இருக்கும்போது ஸ்பேனரை வைத்துவிட்டு விரலுக்கு மாறுங்கள். அதற்கு முன்னால் வேலை செய்யும் இடத்துக்குக் கீழே துணியை விரித்துத் திணியுங்கள். பழைய வெள்ளை வேட்டி இதற்கென்றே பிறந்தது, கறுப்பு நட்டு அதில் பளிச்சென்று தெரியும். பனியன் வேஸ்ட் வேண்டாம். நூல் பிரிந்து எங்காவது சிக்கும், திறந்த குழாயில் அடைத்தால் துண்டு துண்டாக உள்ளேயே தங்கிவிடும். காற்று உள்ளே போகும் இன்டேக் வாய் திறந்திருந்தால் அதை அடைக்கிற துணி நல்ல கலர் துணியாக, ஒரு முழம் வெளியே தொங்கும்படி இருக்கட்டும். அடைத்ததை மறந்து மூடியவர்கள் உண்டு.

மாட்டும்போது போல்ட் சாக்கெட்டில் ஆடினால், நடுவில் சின்னத் துண்டு நியூஸ் பேப்பரை வைத்து அழுத்துங்கள், கவிழ்த்தாலும் விழாது. ஒரு பொட்டு கிரீஸும் இதைச் செய்யும். பேப்பரில் கை அழுக்காகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கழற்றிய போல்ட்டுகளுக்கு எங்கள் வீட்டில் ஓய்வு பெற்ற இட்லித் தட்டு. குழிக்கு ஒரு இடத்து போல்ட், கழற்றிய வரிசையில். நீளம் மாறினாலும் குழப்பமில்லை. அட்டைப் பெட்டியில் எஞ்சின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வைப்பவரும் ஒருவர் இருக்கிறார், சேலத்தில். அவர் வேலையை நேரில் பார்க்க ஆசை.

மே 18

கிடைக்கவே இல்லை, புதிதாக வாங்க வேண்டும். எங்கே, எதை?

சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை செம்புதாஸ் தெரு. பழைய வண்டியின் விசித்திர போல்ட் என்றால் புதுப்பேட்டை. போகும்போது ஜோடி போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எம்6க்கு மரை இடைவெளி 1.0, எம்8க்கு 1.25, பெரும்பாலும் இதுதான். தலை அளவை நம்பிப் போகாதீர்கள். ஜப்பான் வழி வண்டிகளில் எம்8க்கு 12 தலை, மற்றவற்றில் 13.

தலையில் 8.8 என்று அச்சடித்திருந்தால் முதல் எண், இழுத்தால் 800 மெகாபாஸ்கல் வரை அறாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது, அதில் 80 சதவீதம் வரை நீண்டு உருமாறாமல் தாங்கும் என்பதை. ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கு எந்த எம்6ம் போதும். பிரேக் காலிப்பர், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் போல்ட் தொலைந்தால் செம்புதாஸ் தெருவுக்குப் போகாதீர்கள், கம்பெனி ஸ்பேரே வாங்குங்கள். இதில் பேரம் கிடையாது.

துருப்பிடிக்காது என்று எல்லாவற்றையும் எஸ்.எஸ்.ஸாக மாற்றலாமா என்று பெசன்ட் நகரிலிருந்து ஒருவர். கடல் காற்றில் அலுமினிய ஹவுசிங்கில் எஸ்.எஸ். போல்ட் போட்டால் போல்ட் அப்படியே இருக்கும், அலுமினியம்தான் அரிக்கும். போடுவதாக இருந்தால் மரையில் ஒட்டாமல் தடுக்கும் பசை தடவிப் போடுங்கள். அப்புறம், விழுந்தால் காந்தத்தில் சரியாக வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

அக்டோபர் 12

இந்தப் பக்கம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். திருச்சியிலிருந்து கேள்வி: ஆயில் ஊற்றும்போது வாஷர் ஒன்று ஆயில் வாய்க்குள் போய்விட்டது. சின்னதுதானே, ஆயில் மாற்றும்போது வந்துவிடாதா?

வராது. வடிகால் ஓட்டை வழியாக வாஷர் தானாக வெளியே வரும் என்று நம்பி இருக்க முடியாது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் வலை இருக்கிறது, வாஷர் பம்ப்புக்குள் போகாது என்பது உண்மைதான். பிரச்சினை, அடியில் ஆயில் தேங்கும் சம்ப் வரைக்கும் போகும் வழியில். பல எஞ்சின்களில் ஆயில் வாய்க்கு நேர் கீழே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், சிலவற்றில் டைமிங் செயின் ஓடும் பள்ளம். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு வாஷர் போனால் செயின் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் மோதும். முன்னே கிளாம்ப் நட்டுக்குச் சொன்ன சலுகை எதுவும் இதற்குக் கிடையாது, வாய் திறந்திருந்தது.

செய்ய வேண்டியது: டார்ச், கேமரா. பெரும்பாலும் மூடிக்குக் கீழேயே தடுப்புத் தகட்டின் மேல் கிடக்கும், உறை போட்ட காந்தம் போதும். தெரியவில்லை என்றால் வால்வு கவரைக் கழற்றிப் பாருங்கள். அதன் கேஸ்கட் விலை எஞ்சின் விலையில் ஒன்றுமே இல்லை. அங்கும் இல்லை என்றால் சம்ப். நானாக இருந்தால் சம்ப்பைக் கழற்றி வாஷரைக் கையில் வாங்காமல் விடமாட்டேன். வாஷர் செம்போ அலுமினியமோ என்றால் காந்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேரே வால்வு கவருக்குப் போங்கள்.

வண்டியைப் பட்டறைக்கு ஸ்டார்ட் செய்து கொண்டுபோகாதீர்கள், லாரியில் ஏற்றுங்கள். அதுவரை பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள், ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வீட்டில் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.